வேட்பாளரோட பழைய பேச்சை எதிர்த்தரப்பு தோண்டறதுக்கு முன்னாடி நாமளே தோண்டறது எப்படி: முழு வழிகாட்டி

தேர்தல் வந்தா போதும், வேட்பாளர் பத்து பதினஞ்சு வருஷம் முன்னாடி எங்கயோ பேசினது, எழுதினது, லைக் போட்டது எல்லாம் "அன்று, இன்று"ன்னு கார்டா கிளம்பி வரும். இது வரும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் நான் பார்த்த டீம்கள்ல நிறைய பேர் அது வந்தப்புறம்தான் தேடவே ஆரம்பிக்கறாங்க.

இது வேட்பாளர் டீம்ல புதுசா சேர்ந்து, "அந்தப் பழைய மேட்டரையெல்லாம் நீ பாத்துக்கோ"ன்னு தலைல கட்டப்பட்ட ஆளுக்காக எழுதறது. நான் பார்த்தவரைக்கும் பழைய பேச்சாலயே கவுந்தவங்க கம்மி, அந்தப் பேச்சு என்னன்னு முழுசா தெரியாம அவசரத்துல குடுத்த முதல் பதிலால மாட்டினவங்கதான் ஜாஸ்தி. அதனால வரிசை முக்கியம். நடுவுல நாலு படியைத் தாண்டிட்டு நேரா பதில் எழுதற இடத்துக்கு ஓடாதீங்க.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் வேட்பாளரை பல வருஷமா தெரிஞ்சவர், இன்னொருத்தர் அவர்மேல எந்த பக்தியும் இல்லாதவர். ரெண்டாவது ஆள் இல்லாம ஆரம்பிக்கவே வேண்டாம், ஏன்னா விசுவாசமான ஆளுக்கு தப்பு கண்ணுல படாது, படிக்கும்போதே "அவர் அந்த அர்த்தத்துல சொல்லல"ன்னு மனசுக்குள்ள வக்கீலா மாறிடுவாரு.

வேட்பாளரோட நேரம் ஒரு மூணு மணி நேரம், போன் இல்லாம, ஒரே மூச்சுல. இதை வாங்கறதுதான் இந்த மொத்த வேலையிலயே கஷ்டமான பகுதி.

எக்ஸ், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாத்துலயும் நம்ம சொந்த டேட்டாவை மொத்தமா டவுன்லோட் பண்ற வசதி இருக்கு. பாஸ்வேர்டு வாங்கி நீங்களே உள்ள போகாம அவரையே டவுன்லோட் பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க. கேட்ட உடனே ஃபைல் வராம போகலாம், ஒரு நாளோ அதுக்கு மேலயோ ஆகலாம், அதனால இதை முதல் நாளே போட்டு வெச்சிடுங்க.

அப்புறம் கண்டுபிடிச்சதைக் குறிச்சு வெக்க எக்செல் மாதிரி ஒரு ஷீட், தேர்தல் சட்டம் தெரிஞ்ச ஒரு வக்கீலோட நம்பர், மனுத்தாக்கலுக்கு முன்னாடி ரெண்டு மாசமாவது அவகாசம். ரெண்டு வாரம்தான் இருக்குன்னா படி 4ஐ சுருக்கலாம், மத்ததை சுருக்கக்கூடாது.

2. எதையும் அழிக்காதீங்க

புதுசா வர்றவங்க முதல்ல செய்யற காரியம் இதுதான். ராத்திரியோட ராத்திரியா உக்காந்து பழைய போஸ்டையெல்லாம் டெலிட் பண்றது. நான் பார்த்த ஒரு டீம்ல அப்படித்தான் பண்ணாங்க, காலைல பார்த்தா ப்ரொஃபைல்ல போஸ்ட் எண்ணிக்கை முக்கால்வாசி குறைஞ்சிருந்தது, எதிர்த்தரப்பு நேத்தைய எண்ணையும் இன்னிக்கி எண்ணையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி "என்னத்த மறைக்கறாரு?"ன்னு ஒரே ஒரு வரி போட்டாங்க, அழிச்ச போஸ்ட் ஒண்ணைக்கூட அவங்க காட்ட வேண்டிய தேவையே வரல.

அழிக்கக் கூடாதுங்கறதுக்கு மூணு காரணம். ஒண்ணு, அது ஏற்கனவே வேற யார்கிட்டயோ இருக்கும். பழைய வலைப்பக்கங்களைச் சேமிச்சு வெக்கற வேபேக் மெஷின்ல இருக்கலாம், யாரோ ஒருத்தர் போன் கேலரில ஸ்கிரீன்ஷாட்டா இருக்கலாம். அரசியல்வாதிங்க அழிச்ச ட்வீட்டை மட்டும் சேர்த்து வெக்கறதுக்குன்னே 2010ல நெதர்லாந்துல பொலிட்வூப்ஸ்னு ஒரு தளம் ஆரம்பிச்சு அது பல நாட்டுக்குப் பரவினது. ரெண்டு, அழிச்சதே தனி செய்தியாயிடும். மூணாவது காரணத்தை யாரும் யோசிக்கறதில்ல: அழிச்சா உங்க பக்கத்து ஆதாரமும் சேர்ந்து போயிடும். அந்த போஸ்ட் எதுக்கு பதிலா போட்டது, எந்தத் தேதி, கீழ அவரே என்ன விளக்கம் குடுத்தாரு, எல்லாமே காலி.

யாரோட போன் நம்பரோ வீட்டு அட்ரஸோ அதுல இருக்குன்னா எடுத்துத்தான் ஆகணும். அப்பவும் முதல்ல முழுசா சேவ் பண்ணி, வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு, எடுத்தேன்னு வெளிப்படையா சொல்லிட்டு எடுங்க.

3. வேட்பாளர்கிட்ட கேளுங்க, ஆனா "ஏதாவது இருக்கா?"ன்னு கேக்காதீங்க

"சார், பழசு ஏதாவது பிரச்சினையானது இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா."

இந்த உரையாடல் உலகத்துல எல்லா வார் ரூம்லயும் நடந்திருக்கும். அவர் பொய் சொல்லல, நிஜமாவே ஞாபகம் இல்ல. அவருக்கு அது பிரச்சினைன்னே தோணிருக்காது, ஏன்னா பேசின அன்னிக்கி கைதட்டல்தான் வந்தது.

அதனால காலவரிசைல போங்க. காலேஜ்ல என்ன சங்கத்துல இருந்தீங்க, அப்போ யாரை ஆதரிச்சீங்க, எந்தக் கூட்டத்துல மைக் பிடிச்சீங்க, முதல் வேலைல இருந்தப்ப எங்க எழுதினீங்க, கட்சி மாறினீங்களா, மாறறதுக்கு முந்தின வாரம் என்ன பேசினீங்க. அப்புறம் இன்னொரு சுத்து, இந்த தடவை தலைப்பு வாரியா: மதம், சாதி, பெண்கள், மொழி, போர், கூட்டணிக் கட்சித் தலைவரு, இப்போ இருக்கற சொந்தக் கட்சித் தலைவரு. கடைசி ரெண்டுல பெரும்பாலும் எதாவது சிக்கும், அதுவும் கூட்டணி மாத்தினவருன்னா குறும்படமே ஓட்டற அளவுக்கு சிக்கும்.

எத்தனை தடவைங்கறதை விடாதீங்க. 2019 செப்டம்பர் 18ல, அப்போ கனடா பிரதமரா இருந்த ஜஸ்டின் ட்ரூடோ 2001ல ஒரு பார்ட்டில முகத்துல கருப்பு பூசிட்டு நின்ன போட்டோவை டைம் பத்திரிகை வெளியிட்டது, தேர்தலுக்கு ஒரு மாசம்தான் இருக்கு. அன்னிக்கி ராத்திரியே மன்னிப்பு கேட்டாரு, ஸ்கூல்ல படிக்கும்போது இன்னொரு தடவையும் பண்ணேன்னு அவரே சொன்னாரு. அதுவரைக்கும் சரி. மறுநாள் காலைல மூணாவதா ஒரு வீடியோ வந்தது. அதுக்கப்புறம் மொத்தம் எத்தனை தடவைன்னு கேட்டதுக்கு அவரால ஒரு எண்ணைச் சொல்ல முடியல. கட்சி 157 சீட்டோட பெரும்பான்மை இல்லாம ஆட்சிக்கு வந்தது வேற கதை, நமக்கு இதுல பாடம் எண்ணிக்கை: நீங்க ரெண்டுன்னு சொல்லி மூணாவது வந்தா, முதல் ரெண்டுக்குக் கேட்ட மன்னிப்பும் செல்லாம போயிடும்.

4. தோண்டற வரிசை

எல்லாரும் சோஷியல் மீடியால ஆரம்பிப்பாங்க, நான் அதை மூணாவதா வெப்பேன். காரணம், அங்க ஸ்க்ரோல் பண்ண ஆரம்பிச்சா அதுலயே ரெண்டு வாரம் போயிடும், அதைவிட கனமானது வேற இடத்துல தூங்கிட்டு இருக்கும்.

முதல்ல, எழுதிக் கையெழுத்து போட்டது. கட்டுரை, மனு, கூட்டறிக்கை, கோர்ட் பிரமாணப் பத்திரம், அமைப்புகள் அனுப்பற கேள்வித்தாளுக்குக் குடுத்த பதில். இந்தக் கேள்வித்தாள் சமாச்சாரம் ரொம்ப ஆபத்து, ஏன்னா அதை வேட்பாளர் படிக்கவே இல்லாம ஆபீஸ்ல யாரோ நிரப்பி அனுப்பியிருப்பாங்க. கமலா ஹாரிஸ் 2019ல அதிபர் வேட்பாளர் ஆகறதுக்கு முயற்சி பண்ணப்ப ஏசிஎல்யூங்கற சிவில் உரிமை அமைப்போட கேள்வித்தாளுக்கு, சிறைல இருக்கற திருநங்கை திருநம்பிகளுக்கான சிகிச்சையை ஆதரிச்சு பதில் குடுத்திருந்தாரு. அஞ்சு வருஷம் கழிச்சு 2024ல ட்ரம்ப் தரப்பு டிவி விளம்பரத்துல அடிச்சு நொறுக்கினது அதே நிலைப்பாட்டைத்தான். எழுத்துல இருக்கறதுக்கு "வெட்டி ஒட்டிட்டாங்க"ன்னு சொல்லவும் முடியாது.

ரெண்டாவது வீடியோ, ஆடியோ. டிவி விவாதம், கருத்தரங்கம், யூட்யூப் பேட்டி, பாட்காஸ்ட். பாட்காஸ்ட்ல மக்கள் நண்பன்கிட்ட பேசற மாதிரி பேசிடுவாங்க, ரெண்டு மணி நேரம் போகும், ஒன்றரை மணி நேரத்துக்கு அப்புறம் வாய் தானா அவுந்துடும். கடைசி அரை மணி நேரத்தை முதல்ல கேளுங்க, நேரம் மிச்சம். ஆட்டோ கேப்ஷனை மட்டும் படிச்சு முடிவு பண்ணாதீங்க, நம்ம பேச்சுத் தமிழை அது கண்டபடி கடிச்சுத் துப்பும்.

மூடின ரூம்ல பேசினதும் இதுல சேத்தி. அமெரிக்க அதிபர் தேர்தல்ல ஒபாமாவை எதிர்த்து நின்ன மிட் ராம்னி 2012 மே மாசம் பணக்கார நன்கொடையாளர்கள் மத்தியில 47 சதவீத மக்கள் அரசாங்கத்தை நம்பி இருக்கறவங்க, எப்படியும் ஒபாமாவுக்குத்தான் போடுவாங்கங்கற மாதிரி பேசினது செப்டம்பர்லதான் வெளிய வந்தது. யாரோ ஒருத்தர் போன் எப்பவும் மேஜை மேல இருக்கும்னு வெச்சுக்கங்க.

மூணாவதுதான் சோஷியல் மீடியா. டவுன்லோட் பண்ண ஃபைல்ல தேடுங்க, ஸ்க்ரோல் பண்ணாதீங்க. தேடும்போது ஒரே சொல்லைத் தமிழ் எழுத்துல, இங்கிலீஷ் எழுத்துல தமிழா டைப் பண்ணது, எழுத்துப்பிழையோட, வசவா சொல்ற பட்டப்பேர், எல்லா வடிவத்துலயும் தேடணும். புதுசா வர்றவங்க தமிழ் எழுத்துல மட்டும் தேடிட்டு "க்ளீன் சார்"னு வந்து நிப்பாங்க, ஆனா 2012ல பாதி பேர் போன்ல தமிழ் கீபோர்டே இல்ல. லைக், ஷேர், க்ரூப் மெம்பர்ஷிப்பும் பாருங்க. எக்ஸ்ல லைக் மத்தவங்களுக்குத் தெரியாதபடி 2024ல மாத்தினாங்கதான், அதுக்கு முன்னாடி எடுத்த ஸ்கிரீன்ஷாட் அப்படியே இருக்கும்ல.

கடைசியா பக்கத்துல நின்னவங்க. 2008ல ஒபாமாவை உலுக்கினது அவர் பேச்சு இல்ல, அவர் போன சர்ச்சோட பாதிரியார் ஜெரமையா ரைட் பேசின பழைய பிரசங்கம். அதையும் யாரும் ஒளிஞ்சிருந்து எடுக்கல, சர்ச்சே வித்துட்டு இருந்த வீடியோதான். யாரு வேணா வாங்கிப் பாத்திருக்கலாம்.

5. ஒவ்வொண்ணுக்கும் ஷீட்ல ஒரு வரி

சொன்னது வார்த்தைக்கு வார்த்தை, எந்தத் தேதி, எங்க, யார் கேட்ட கேள்விக்கு, முழு பதிவு இருக்கற லிங்க், நம்ம கைல இருக்கற காப்பி, எத்தனாவது நிமிஷம். ஷீட்ல இவ்வளவு கட்டம் போதும்.

இதுல எல்லாரும் சறுக்கறது தேதில. யூட்யூப்ல அப்லோட் பண்ண தேதியை பேசின தேதின்னு எழுதிடுவாங்க. பழைய பேச்சைப் புதுசா அப்லோட் பண்றதுதான் இந்த ஆட்டத்தோட முக்கால்வாசி, அப்புறம் நீங்களே அந்தத் தப்புத் தேதியைப் பிடிச்சுட்டு பதில் சொன்னா எப்படி? மேடைல பின்னாடி இருக்கற பேனரைப் பாருங்க, பேச்சுல வர்ற சம்பவத்தைப் பாருங்க, அன்னிக்கி பேப்பர்ல செய்தி வந்திருக்கான்னு பாருங்க. "சுமார் 2011"ன்னு எழுதறதுல தப்பில்ல, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதறதுதான் தப்பு.

சுருக்கி எழுதாதீங்க. "பெண்கள் பத்தி தப்பா பேசினது"ன்னு ஒரு வரி இருந்தா அது யாருக்கும் உதவாது. அவர் வாய்ல வந்த வார்த்தை அப்படியே வேணும், கூசினாலும் பரவால்ல.

6. முழுசாப் பாருங்க, வெட்டின இடத்தை மட்டும் பாக்காதீங்க

முப்பது செகண்ட் க்ளிப்னா அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம், பின்னாடி பத்து நிமிஷம். நாலு விஷயம் பாக்கணும்: அவர் சொந்தக் கருத்தா இல்ல வேற யாரோ சொன்னதைச் சொல்றாரா, கேள்வி என்ன, அடுத்த வரில தானே மறுக்கறாரா, கிண்டலா சொல்றாரா.

முதல் விஷயம்தான் அதிகமா வெட்டப்படும், ஏன்னா "அவங்க சொன்னாங்க"ங்கற ரெண்டு வார்த்தையை எடுத்துட்டா மொத்த அர்த்தமும் மாறிடும். 2004ல அமெரிக்க அதிபர் வேட்பாளரா நின்ன ஜான் கெர்ரி, வியட்நாம் போர்ல இருந்து திரும்பி 1971 ஏப்ரல்ல செனட் கமிட்டி முன்னாடி சாட்சி சொன்னாரு. அதுல வர்ற கொடுமைகளை மத்த வீரர்கள் சொன்னதாத்தான் சொன்னாரு. 33 வருஷம் கழிச்சு 2004 தேர்தல்ல ஸ்விஃப்ட் போட் வீரர்கள்ங்கற, கெர்ரியை எதிர்த்த வியட்நாம் போர் முன்னாள் வீரர்கள் குழு போட்ட விளம்பரத்துல அந்தப் பகுதி இல்லாம, அவரே எல்லா வீரர்கள் மேலயும் பழி போடற மாதிரி ஓடினது.

ஆனா ஒரு எச்சரிக்கை. "முழுசாப் பாத்தா புரியும்"னு சொல்லிட்டு, முழுசாப் பாத்தா க்ளிப்பைவிட மோசமா இருக்கற கேஸும் நிறைய. ஒரு பயல் என்கிட்ட ஓடி வந்து "அண்ணே, அரைகுறையா வெட்டிட்டாங்க, முழு வீடியோவை நாமளே போட்டுடலாம்"னு சொன்னான். பாத்தியாடான்னு கேட்டேன். பாக்கல. உக்காந்து பாத்தோம், நாப்பத்தோராவது நிமிஷத்துல இன்னும் பெருசா ஒண்ணு இருந்தது. ஒண்ணும் பேசாம லேப்டாப்பை மூடிட்டான்.

7. போலின்னு சொல்றதுக்கு முன்னாடி

இப்போ எது வந்தாலும் "அது ஏஐ"ன்னு சொல்றது பழக்கமாயிடுச்சு. அதுல பாதி நேரம் உண்மை இருக்கறதுதான் சங்கடம். ஸ்லோவாக்கியால 2023 தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னாடி, பிரச்சாரமே பண்ணக் கூடாத அமைதி நேரத்துல, ப்ராக்ரெஸிவ் ஸ்லோவாக்கியா கட்சித் தலைவர் மிகால் ஷிமெச்கா தேர்தல்ல தில்லுமுல்லு பண்றதைப் பத்தி பேசற மாதிரி போலி ஆடியோ பரவினது. ஏஐ எல்லாம் வேண்டாம், வேகத்தைக் குறைச்சாலே போதும்: 2019ல அமெரிக்க பிரதிநிதிகள் சபை சபாநாயகரா இருந்த நான்சி பெலோசி பேச்சை முக்கால் வேகத்துல ஓட்டி குடிச்சுட்டு உளர்ற மாதிரி பண்ணாங்க.

வேட்பாளர் அந்தத் தேதில அந்த இடத்துல இருந்தாரா, மூல பதிவு யார்கிட்ட இருக்கு, பேச்சு வேகமும் வாய் அசைவும் ஒத்துப் போகுதா, பக்கத்துல உக்காந்திருந்தவர் என்ன சொல்றாரு. இந்த நாலும் தெரிஞ்சப்புறம்தான் போலிங்கற சொல்லை வெளிய விடணும். போலின்னு உறுதியானா சும்மா மறுப்பு போட்டுட்டு உக்காராம, மூல பதிவையும் சேர்த்து ப்ளாட்ஃபார்ம்லயும் தேர்தல் அதிகாரிகிட்டயும் புகார் குடுங்க. இந்தியால கட்சிகள் தங்களோட கணக்குல இருக்கற டீப்ஃபேக்கை, அதாவது ஏஐ போலி வீடியோ ஆடியோவை, கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துல எடுக்கணும்னு தேர்தல் ஆணையம் 2024 மே மாசம் சொன்னது.

"ஹேக் பண்ணிட்டாங்க"ங்கறதும் இதே ரகம். 2014ல ஹேக் ஆன அக்கவுண்ட்டை 2014லயே சொல்லியிருக்கணும். பத்து வருஷம் கழிச்சு சொன்னா சிரிப்பாங்க.

8. நாலு கூடையாப் பிரிங்க

இந்த வழிகாட்டில ஒரே ஒரு படியை மட்டும் ஒழுங்கா செய்ய நேரம் இருக்குன்னா இதைச் செய்யுங்க. ஷீட்ல இருக்கற ஒவ்வொண்ணும் இந்த நாலுல ஒரு கூடைல விழும், கூடைக்கு கூடை பதில் வேற. எல்லாத்துக்கும் ஒரே பதிலைத் தூக்கிட்டுப் போறதுதான் புதுசா வர்றவங்க தப்பு.

முதல் கூடை, இன்னிக்கும் அதையேதான் நம்பறாரு. அப்போ மன்னிப்பு கேக்காதீங்க, மழுப்பாதீங்க, "ஆமா, இப்பவும் அதான்"னு காரணத்தோட சொல்லிடுங்க. இதுல மழுப்பினா சொந்த ஆதரவாளரும் போவாங்க, எதிராளியும் வரமாட்டான்.

ரெண்டாவது, மனசு மாறிட்டாரு. இங்க ஜனங்க கேக்கறது எது மாத்தினது, எப்போ மாறினது, அதுக்கப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி என்ன செஞ்சீங்க. மூணும் வேணும். ராம்னி 1994 செனட் தேர்தல்ல எதிராளியா இருந்த டெட் கென்னடியோட நடந்த டிபேட்ல கருக்கலைப்பு உரிமையை ஆதரிச்சுப் பேசின க்ளிப் 2007 ஜனவரில யூட்யூப்ல வந்தது. அவர்கிட்ட எது, எப்போ ரெண்டுக்கும் பதில் இருந்தது, 2004ல கருவுல இருந்து எடுக்கற ஸ்டெம் செல் ஆராய்ச்சி பத்தி வந்த விவாதத்துலதான் மாறினேன்னு சொன்னாரு. ஆனாலும் அந்த மாற்றம் கட்சிக்குள்ள அதிபர் வேட்பாளர் போட்டிக்கு இறங்கற சமயத்துல வந்ததால பல்டிங்கற பேர் கடைசிவரை போகல. ஹாரிஸ் கதை இன்னொரு மாதிரி. நிலத்துக்கடி பாறையை உடைச்சு எரிவாயு எடுக்கறதைத் தடை பண்ணணும்னு 2019ல சொன்னாரு, 2024ல தடை பண்ண மாட்டேன்னாரு, ஏன்னு கேட்டா என் மதிப்பீடுகள் மாறலன்னாரு. கேட்டவங்களுக்கு எது மாறினதுங்கற கேள்வி அப்படியே நின்னது. மாறினதை மாறினதுன்னு சொல்றது வெக்கம் இல்லப்பா, மாறவே இல்லன்னு சொல்லிட்டு மாறி நிக்கறதுதான் வெக்கம்.

மூணாவது, அவர் சொல்லவே இல்ல, இல்லன்னா சொன்னதைத் திரிச்சிருக்காங்க. இங்க மட்டும்தான் முழு பதிவை வெளிய விடணும், படி 6 முடிச்சப்புறம்.

நாலாவது, சொன்னாரு, தப்பு, அன்னிக்கும் தப்பு. "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் பேசினாங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க, அன்னிக்கே அதைக் கேட்டு காயப்பட்டவங்க இன்னும் உயிரோட ஓட்டுப் போட வர்றாங்க. இந்தக் கூடைல ஒண்ணுக்கு மேல இருந்தா, எதிராளி சொல்ற வரைக்கும் காத்திருக்காம வேட்பாளரே நம்பிக்கையான ஒரு பேட்டில முதல்ல சொல்றதைப் பத்தி யோசிங்க. டீம் எதிர்க்கும். பெரும்பாலும் நானும் என் பேச்சு எடுபடாமத்தான் எழுந்து வந்திருக்கேன், ஆனா சொல்லி வெக்கறது நம்ம வேலை.

எந்தக் கூடைன்னு டீம் முடிவு பண்ணக் கூடாது, வேட்பாளர்தான் சொல்லணும். நீங்க மாறிட்டாருன்னு எழுதி வெச்சு அவர் மேடைல "நான் எதுக்கு மாறணும்"னு சொன்னா நிலைமை என்ன ஆகும்.

9. பதிலை எழுதுங்க, அப்புறம் நீங்களே வெட்டிப் பாருங்க

மூணு வாக்கியம் போதும். என்ன சொன்னேன்னு ஒத்துக்கறது, இப்போ என்ன நினைக்கறேன், ஏன். நாலாவது வாக்கியத்துலதான் எல்லாரும் வழுக்குவாங்க, "ஆனா எதிர்க்கட்சி மட்டும் யோக்கியமா"ன்னு அங்கதான் வரும்.

எழுதின பதிலை வேற ஆள்கிட்ட குடுத்து, இதுல எட்டு செகண்டை வெட்டி மோசமா காட்டுன்னு சொல்லுங்க. காட்ட முடிஞ்சா திரும்ப எழுதுங்க. கெர்ரிக்கு 2004 மார்ச்ல நடந்தது இதுதான். இராக், ஆப்கானிஸ்தான் போருக்கான நிதிக்கு எதிரா ஓட்டுப் போட்டாருன்னு புஷ் தரப்பு விளம்பரம் பண்ணினாங்க, அதுக்கு விளக்கம் சொல்லப் போயி "87 பில்லியன் டாலருக்கு முதல்ல ஆதரவா ஓட்டுப் போட்டேன், அப்புறம்தான் எதிரா போட்டேன்"ங்கற மாதிரி சொல்லிட்டாரு. அதுக்குப் பின்னாடி நியாயமான சட்டமன்ற நடைமுறை இருந்தது, யாருக்கு வேணும்? அந்த ஒரு வரியே அடுத்த விளம்பரமாச்சு. பழைய க்ளிப்புக்கு சொன்ன பதிலே புது க்ளிப்.

கிண்டலும் வேண்டாம். 2024ல ட்ரம்ப்போட துணை அதிபர் வேட்பாளரா நின்ன ஜே.டி. வான்ஸ் 2021ல குழந்தை இல்லாத, பூனை வளர்க்கற பெண்கள்னு பேசின பேட்டி 2024 ஜூலைல திரும்பி வந்தப்போ, பூனைகள் மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்லங்கற மாதிரி ஜோக் அடிச்சாரு. வாரம் முழுக்க அது வேற ஓடினது.

"யார் மனசாவது புண்பட்டிருந்தா"ங்கற வார்த்தை ட்ராஃப்ட்ல இருந்தா அடிச்சிடுங்க. புண்பட்டதாங்கற சந்தேகத்தை மன்னிப்புக்குள்ளயே வெச்சு குடுக்கறது அது.

10. ஒத்திகை

டீம்லயே முரட்டு ஆளை நிருபரா உக்கார வெச்சு, வீடியோ எடுத்து, நாலாவது கூடைல இருந்து ஆரம்பிங்க. முதல் தடவை வேட்பாளர் கண்டிப்பா கோபப்படுவாரு. இங்க கோபப்படட்டும், மைக் முன்னாடி படறதுக்கு இது எவ்வளவோ மேல். ஒரே கேள்வியை அஞ்சு விதமா கேளுங்க, அஞ்சாவதுலயும் பதில் மாறாம இருந்தா விட்டுடுங்க.

11. வெளிய வந்த அன்னிக்கி

முதல்ல ஷீட்டைத் திறங்க. ட்விட்டரைத் திறக்காதீங்க, ஆமா எக்ஸ்தான், பழக்கம் போகல. ஷீட்ல அது இருந்தா பதில் தயாரா இருக்கு, அரை மணி நேரத்துல போயிடலாம். இல்லன்னா படி 6, 7 முடியற வரைக்கும் "முழு பதிவைப் பார்த்துட்டு இன்னிக்கி சாயங்காலம் பதில் சொல்றோம்"னு நேரத்தோட ஒரு வரி போடுங்க. சொன்ன நேரத்துக்குச் சொல்லணும்.

வேட்பாளர் போனை வாங்கி வெச்சிடுங்க. அவர் வீட்டுக்கு ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லிடுங்க, பிள்ளைங்க வாட்ஸ்அப்ல பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. மாவட்டம், வார்டு அளவுல இருக்கற ஆளுங்களுக்கு அந்த மூணு வாக்கியத்தை மட்டும் அனுப்புங்க, இல்லன்னா அவங்கவங்க சொந்த விளக்கத்தோட கிளம்பிடுவாங்க. மறுக்கறேன்னு சொல்லி அந்த க்ளிப்பையே உங்க பக்கத்துல திரும்பப் போடாதீங்க, பாக்காதவனுக்கும் நீங்களே காட்டின மாதிரி ஆயிடும்.

அமைதியா இருந்தா தானா அடங்கிடும்னு ஒரு பெரியவர் கண்டிப்பா சொல்வாரு. சின்னதுன்னா அடங்கும். ஆனா 2004 ஆகஸ்ட் ஆரம்பத்துல ஸ்விஃப்ட் போட் குழுவோட முதல் விளம்பரம் வந்து கெர்ரி தானே நேரடியா பதில் சொன்னது 19ஆம் தேதி, அதுக்குள்ள ரெண்டு வாரம் டிவில அவங்க சொன்னதுதான் ஓடிட்டு இருந்தது. கடைசி வாரம் இன்னும் மோசம், அப்போ விளக்கறதுக்கு நேரமே கிடையாது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 1976ல குடிச்சுட்டு கார் ஓட்டி கைதானது 2000 நவம்பர் 2ல வெளிய வந்தது, ஓட்டுப்பதிவு 7ல. அதனால கடைசி பத்து நாளைக்கு ராத்திரி முழிச்சிருக்க ஒரு ஆளை இப்பவே பேசி வெச்சுக்கங்க.

12. எதிராளியோட பழசு உங்க கைக்கு வந்தா

வரும். யாரோ ஒருத்தர் பென்டிரைவோட வந்து நிப்பாரு. படி 5, 6, 7 அப்படியே இதுக்கும். சொந்த வேட்பாளருக்குக் கேட்ட தேதியும் முழு பதிவும் இதுக்கும் கேளுங்க, கிடைக்கலன்னா போடாதீங்க.

கொள்கை, பொதுவாழ்க்கைல பேசினது, ஓட்டுப் போட்டது, இதையெல்லாம் கிழிக்கலாம், தப்பே இல்ல. வீட்டு விவகாரத்தைத் தொடாதீங்க. இந்தியத் தேர்தல் நடத்தை விதியும் கட்சியோட கொள்கை, பழைய செயல்பாடு இதோட விமர்சனத்தை நிறுத்திக்கணும், உறுதி செய்யாத குற்றச்சாட்டைத் தவிர்க்கணும்னுதான் சொல்லுது. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4)படி ஒரு வேட்பாளரோட தனிப்பட்ட குணம், நடத்தை பத்தி பொய்யானதை, பொய்னு தெரிஞ்சோ உண்மைன்னு நம்பாமலோ வெளியிட்டா ஊழல் நடவடிக்கை, ஜெயிச்ச தேர்தலே செல்லாம போகலாம். பிரிட்டன்ல நிஜமாவே போச்சு: ஃபில் வூலஸ் 2010 எம்.பி. தேர்தல்ல 103 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு, எதிராளி தீவிரவாதிகளோட ஆதரவைத் தேடினாருன்னு நோட்டீஸ் அடிச்சதுக்காக தேர்தல் கோர்ட் அதைச் செல்லாதுன்னு சொல்லி மூணு வருஷம் நிக்கவும் தடை போட்டது. அந்த நோட்டீஸை எழுதறதும் உங்களை மாதிரி ஒரு டீம் ஆள்தான்.

13. அந்த ஷீட்டை எங்க வெக்கறது

இதை முதல்லயே சொல்லியிருக்கணும். நீங்க தயார் பண்ணின அந்த ஷீட்தான் இப்போ உங்க வேட்பாளருக்கு எதிரான உலகத்துலயே முழுமையான டாக்குமெண்ட், தேதியோட லிங்கோட நிமிஷத்தோட. 2024ல ட்ரம்ப் பிரச்சார டீம்ல இருந்து ஹேக் பண்ணி எடுத்ததுல வான்ஸ் பத்தி அவங்க சொந்தமாவே தயாரிச்ச 271 பக்க ஆய்வும் இருந்தது, செப்டம்பர்ல அது பொதுவெளிக்கே வந்துடுச்சு.

அதனால மூணு பேருக்கு மேல ஆக்சஸ் வேண்டாம், லிங்க் இருக்கற எல்லாரும் பாக்கலாம்ங்கற செட்டிங் ஆஃப்ல இருக்கான்னு இப்பவே போய்ப் பாருங்க, ரெண்டு கட்ட லாகின் போடுங்க, வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணாதீங்க, பிரிண்ட் எடுத்தா எண் போட்டுக் குடுத்து திரும்ப வாங்குங்க. டீமை விட்டு ஒருத்தர் போனா அவர் பைக் கேட்டைத் தாண்டறதுக்குள்ள ஆக்சஸை எடுத்திருக்கணும்.